நான் எழுதிக் கொடுத்த ராஜினாமா

பயிற்சி வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசும்படி கேட்டிருந்தீர்கள். வராததற்கு மன்னிக்க வேண்டும். பேசினால் எனக்குச் சாதகமாகப் பேசிவிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் கூட்டங்களில் பேசிப் பேசி வந்த பழக்கம் அது. எழுதுவதென்றால் நாட்குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது அன்றன்றைக்கு எழுதியது. இன்றைய என் வசதிக்கு வளையாது.

திட்டங்களின் பெயர், மானிய விகிதம், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை உங்கள் கைபேசியிலேயே கிடைக்கும். இதைப் படித்து முடிப்பதற்குள் மாறியும் இருக்கும். சிறுதொழில் தொடங்க வருகிறவர்களுக்கு அரசு உதவியை வாங்கித் தருவதுதான் நம் வேலை. அந்த வேலையில் நான் ஒரு குடும்பத்துக்குச் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். எங்கள் ஊரில் ஒருவனுக்கு வேலை போனால் வேலை மட்டும்தான் போகும். வீடு அவன் அப்பன் பேரிலோ அண்ணன் பேரிலோ இருந்த இடத்தில் இருக்கும். ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கையில் என்னை இடுக்கிக்கு மாற்றினார்கள். தேயிலைத் தோட்டங்களைச் சுற்றுலாப் பயணியாக மட்டுமே பார்த்திருந்தேன். பச்சை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, சூரியநெல்லிக்கு அப்பால் ஒரு தோட்டத்துச் சர்ச் ஹாலில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். அரை நாள் வேலை முடித்து நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். நான் அந்தச் சமயத்தில் பிற நாடுகள் சிறுதொழிலுக்கு எப்படி உதவுகின்றன என்று நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவன் நான். ஜெர்மனியில் வேலை இழந்தவர் சொந்தத் தொழில் தொடங்கினால் முதல் சில மாதங்கள் சாப்பாட்டுக்கு அரசு பணம் தருவதைச் சொன்னேன். பிரிட்டனில் முன்பு அப்படி ஒரு வருடம் வாரா வாரம் கொடுத்ததைச் சொன்னேன். ஸ்வீடனில் வேலையில் இருப்பவர் தொழில் தொடங்க ஆறு மாதம் விடுப்பு எடுக்கலாம், சரிப்படாவிட்டால் திரும்பிப் போய்ப் பழைய வேலையிலேயே உட்காரலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது என்றும் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"சார், அந்த ஊர்ல தேயிலை இருக்கா?"

"இல்லைங்கம்மா. அங்க பனிதானுங்க."

"அதான பாத்தேன். தேயிலை இருந்தா ஆறு நிமிசங் கூட விட மாட்டான்."

ஹாலே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் அவரை இடித்து, "ஏட்டி, சாரு எவ்வளவு மரியாதையா 'ங்க' போட்டுப் பேசுதாரு, நீ கேலி பண்ணுத?" என்றார். "நம்ம சூப்பர்வைசருக்கு இவருகிட்ட ஒரு மாசம் டியூசன் வைக்கணும்" என்றார் இன்னொருவர்.

கேள்வி கேட்டவர் பெயர் அன்னமணி. கொழுந்து பறிக்கும் தொழிலாளி. நாற்பதுக்கு மேல் வயது. கூட்டம் கலைந்ததும் ஒரு துணிப் பையிலிருந்து மடித்த ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். கொழுந்து பறிக்கிறவர்கள் ஈரமும் குச்சியும் படாமலிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் அது கிழிந்துவிடும். அன்னமணி லாரித் தார்ப்பாயை வெட்டி, உள்ளே பருத்தித் துணி வைத்து, தோளில் மாட்டுகிற வார் போட்டுத் தைத்திருந்தார். கயிறு இடுப்பை அறுக்காது. கவாத்து வெட்டிக் குச்சி குச்சியாக நிற்கும் செடிக்குள் புகுந்து நடந்தாலும் கிழியாது.

"ரெண்டு மழைக் காலம் பாத்தாச்சு சார். பக்கத்து டிவிசன்ல எல்லாம் கேக்காக. என் மெசின் கை மெசினு. தார்ப்பாய்க்கு ஊசி ஒடிஞ்சு ஒடிஞ்சு போவுது. கரண்டுல ஓடுத பெரிய மெசின் ரெண்டு இருந்தா போதும்."

என் பணிக் காலத்தில் நூற்றுக்கணக்கான தொழில் யோசனைகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை பிறரைப் பார்த்துச் செய்தவை. ஊறுகாய், மெழுகுவத்தி, காகிதத் தட்டு. தேவையை உடம்பில் பட்டு உணர்ந்து, தானே கண்டுபிடித்து, இரண்டு வருடம் சோதித்தும் பார்த்திருந்த ஒருவரை அன்றுதான் சந்தித்தேன். 'இவர் ஜெயிப்பார்' என்று அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நிதியாண்டின் கடைசி மாதம், மார்ச் வந்தது. நம் அலுவலகங்களில் மார்ச் என்றால் என்னவென்று உங்களுக்கு இந்த வருடமே தெரிந்துவிடும். ஒரு சுயதொழில் திட்டத்தின் மகளிர் பட்டியலில் எங்கள் பகுதியில் ஒரு பெயர் குறைந்தது. என் மேலதிகாரி காலையும் மாலையும் கூப்பிட்டார். பட்டியலை அனுப்ப ஒன்பது நாள் இருந்தது. நான் அன்னமணியை நினைத்தேன். அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இரண்டும் சேர்ந்து வரும்போது நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: விண்ணப்பிப்பவர் சம்பள வேலையில் இருக்கக் கூடாது.

ஜீப் பிடித்து அவர் வீட்டுக்கே போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளை லயம் என்பார்கள். ஒரு லயத்தில் நான்காவது கதவு அவருடையது. ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் மறைப்புக் கட்டிய ஒரு ஒட்டுத் திண்ணை. அதில்தான் தையல் மெஷின். கணவர் தங்கராஜ் மூணாறில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். சீசனில் வேலை, மழையில் சும்மா. மகள் பிளெஸி பிளஸ் டூ தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் உயிரியல் என்று புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். அன்னமணி உடனே கேட்டார்.

"வேலைய விட்டா வீட்ட விடணுமே சார்?"

"வீடு வேறைங்க, வேலை வேறைங்க. அதெப்படிங்க ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போடறது?"

"நானா போட்டேன்? வெள்ளக்காரன் போட்ட முடிச்சு. இவுக இன்னும் இறுக்கித்தான் வச்சிருக்காக."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு விளக்கினேன். கம்பெனி நினைத்தவுடன் யாரையும் தெருவில் விட முடியாது, நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவகாசம் தர வேண்டும், அதற்குள் கடன் உத்தரவு வந்துவிடும், சூரியநெல்லி பஜாரில் ஒரு அறை பார்த்தால் முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு என்றேன். சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மைதான்.

தங்கராஜ் இடையில் புகுந்தார். "சாரு இவ்வளவு தூரம் வந்து சொல்லுதாரு. கெவர்மெண்டு ஆபீசரு" என்றார். அன்னமணி அவரைப் பார்த்தார். "உமக்கு என்ன, நீரு ஜீப்புலயே படுத்துக்கிடுவீரு" என்றார். பிறகு என்னிடம், "நிச்சயமா வருமா சார்?" என்று கேட்டார்.

"நான் பொறுப்புங்கம்மா."

இப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கடனைக் கொடுப்பது வங்கி. இதை இரண்டு முறை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அன்னமணிக்குத் தமிழ் எழுத வரும். கம்பெனி ஆபீசுக்கு மலையாளத்தில் வேண்டும். நான் எதையும் அரைகுறையாகச் செய்யாதவன் என்று பெயர் வாங்கியவன். முந்தைய வருடம் வேறொருவர் ராஜினாமா செய்ததாகக் காட்டிவிட்டு, மானியம் வாங்கியதும் வேலைக்குத் திரும்பிவிட்டதால் தேர்வுக் குழுவில் பெரிய பேச்சாகியிருந்தது. அந்தச் சந்தேகம் இவர் மீது வரக் கூடாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'முழு மனத்துடன் எடுத்த இந்த முடிவை எக்காரணம் கொண்டும் பின்னர் திரும்பப் பெற மாட்டேன், இதன்மேல் எந்த உரிமையும் கோர மாட்டேன்.' அவருக்கு வாசித்துக் காட்டினேன். "சட்டம் மாதிரி இருக்கு சார்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். கடைசி நாளுக்கு முந்தைய நாள் பட்டியல் முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. மேலதிகாரி அன்று மாலை கூப்பிடவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்வுக் குழு ஒப்புக்கொண்டது. வங்கிக்குப் போனது. வங்கி, தொழில் நடக்கப்போகும் கட்டடத்துக்கு ஆவணம் கேட்டது. பஜாரில் பார்த்த அறையின் சொந்தக்காரர் நாற்பது வருடமாக அங்கே இருப்பவர். ஆனால் நிலத்துக்குப் பட்டா இல்லை. அந்தப் பக்கத்து மலை நிலங்களின் பட்டாச் சிக்கல் ஊரறிந்தது. ஊரறிந்தது என்றால், என்னைத் தவிர ஊரறிந்தது. பட்டா இல்லாமல் கட்டடச் சான்று இல்லை, அது இல்லாமல் பஞ்சாயத்து லைசென்ஸ் இல்லை. வேறு மூன்று அறைகள் பார்த்தோம். மூன்றிலும் அதே கதை. எங்கள் சித்தூரில் இடிந்த மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஆவணம் இருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியதை நான் கடைசியாகக் கேட்டேன். பட்டியல் போன நாற்பத்தொன்றாவது நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது.

அதற்குள் கம்பெனி நோட்டீஸ் வந்திருந்தது. இரண்டு மாதத்தில் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் இருபத்திரண்டு வருட வேலைக்கான தொகை கைக்கு வரும்.

அன்னமணி எனக்கு போன் செய்தார். சத்தம் போடவில்லை. "சார், வேலைய திருப்பிக் கேக்கட்டா? கேட்டா தருவாங்களா?" என்றார். நான் வந்து கேட்கிறேன் என்றேன்.

தோட்ட மேனேஜர் என்னைவிட இருபது வயது இளையவர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரு ஃபைலைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

"இதில் உள்ள மலையாளம் மிகவும் நன்றாக இருக்கிறது. எங்கள் தலைமை அலுவலகத்திலேயே பாராட்டினார்கள். யார் எழுதியது?"

"நான்தான்."

"அப்படியா." அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். அதை என் பக்கம் திருப்பி வைத்தார். "சாதாரணமாக இவர்கள் ஒரு துண்டுத் தாளில் 'இனி வேலைக்கு வரவில்லை' என்று எழுதித் தருவார்கள். பத்து நாள் கழித்து மனம் மாறி வந்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்வோம். அப்படி எத்தனையோ பேர். இதை நான் கிழிக்க முடியாது. சட்டப் பிரிவுக்கு நகல் போய்விட்டது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. கணவரை எடுக்க முடியுமா என்று கேட்டேன். வயது கடந்துவிட்டது என்றார். ஃபைலை மூடிவிட்டு அவரே சொன்னார்: "அந்த வீட்டில் பதினெட்டு முடிந்த பிள்ளை யாராவது இருந்தால், தாய்க்குப் பதிலாக நிரந்தரத்தில் எடுக்க வழி இருக்கிறது. வீடும் அவர்கள் பேரில் தொடரும். ஒரு மாதத்துக்குள் சொல்லச் சொல்லுங்கள்."

அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதைக் கொண்டுபோய் அந்த வீட்டில் சொல்ல வேண்டியவன் நான்.

லயத்துக்குப் போனபோது மூவரும் இருந்தார்கள். பிளஸ் டூ முடிவு வந்திருந்தது. பிளெஸி நல்ல மதிப்பெண் வாங்கி, நர்சிங் சேர விண்ணப்பமும் போட்டிருந்தாள். நான் மேனேஜர் சொன்னதை அப்படியே சொன்னேன். தங்கராஜ் எழுந்து வெளியே போனார். அன்னமணி, "அவ போக மாட்டா. நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்" என்றார்.

"எங்க பாப்ப?" என்றாள் பிளெஸி.

"மலைக்குக் கீழ, தேவாரத்துல எங்க அண்ணன் வீட்டுல."

"மாமா வீட்டுல அவுகளே ஏழு பேரு. நீ போயி எட்டு, அப்பா ஒன்பது. நான் எங்க படுக்க, கூரையிலயா?"

"வாய மூடு பிள்ள."

"மூடிக்கிடுதேன். ஆனா நீ சொல்லு, எங்க?"

அன்னமணி என்னைப் பார்த்தார் என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை, பார்க்கவில்லை. அடுக்களைக்குள் போய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். அதைக் குடித்தேன்.

இனி உங்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, அந்த வாரக் கடைசியில் திட்ட விதிகளை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். சம்பள வேலை பற்றிய நிபந்தனைக்குக் கீழே, அடுத்த பக்கத்தின் தலையில், சிறிய எழுத்தில் ஒரு விளக்கம் இருந்தது: கடன் கைக்கு வரும் நாளில் வேலையிலிருந்து விலகுவதாக உறுதிமொழி கொடுத்தால் போதும். ராஜினாமா தேவையே இருந்திருக்கவில்லை. ஒன்பது நாள் அவசரத்தில் நான் பக்கத்தைத் திருப்பவில்லை. மற்ற நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படித்தவன் நான்.

இரண்டாவது, அந்தச் சட்டங்களைப் பற்றி. இன்றும் படிக்கிறேன், ஓய்வில் வேறென்ன வேலை. எந்த நாட்டுத் திட்டமாக இருந்தாலும் இப்போது ஒன்றை மட்டும் தேடுகிறேன். தொழில் சரிப்படாவிட்டால் இந்த மனிதர் எங்கே போய் விழுவார் என்று அதை எழுதியவர் யோசித்தாரா? ஸ்வீடன்காரர் யோசித்திருக்கிறார்: பழைய நாற்காலி. ஜெர்மன்காரர் யோசித்திருக்கிறார்: சில மாதச் சாப்பாடு. நம் திட்டங்கள், மனிதனுக்குச் சொந்த வீடு ஒன்று எப்படியும் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டவை. எழுதியவர்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. அதனால் எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. வருகிறவரிடம் ஒன்றை விடச் சொல்வதற்கு முன், அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வார். அன்னமணி சொன்னார். நான் சிரித்தேன்.

அந்த வீடு போகவில்லை.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை பிடித்து மூன்றாம் நாள். அன்னமணியும் பிளெஸியும் பஸ்ஸில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு என் மேசைக்கு எதிரே நின்றார்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்பெனி ஆபீசில் வயதுச் சான்றின் நகல் கேட்டிருக்கிறார்கள், அரசு அதிகாரி ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"எந்த ஆபீசரு போட்டாலும் செல்லும்னாங்க சார். எங்களுக்குத் தெரிஞ்ச ஆபீசரு நீங்க ஒருத்தர்தான்" என்றார் அன்னமணி. குத்தலாகச் சொல்லவில்லை. உண்மை அது.

பிளெஸியிடம் நர்சிங் விஷயம் கேட்டேன். "கார்டு வந்துச்சு சார். இன்டர்வியூ நேத்து. போவல" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள். பழக்க தோஷத்தில் மனம் கணக்குப் போட்டது. பதினெட்டு முடிந்து பத்தொன்பது நாள். ஒரு மாதம் தள்ளிப் பிறந்திருந்தால் மேனேஜர் சொன்ன கெடுவுக்குள் இவளைச் சேர்த்திருக்க முடியாது. வீடு போயிருக்கும், இவள் படித்திருப்பாளோ என்னவோ. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. 'அசலுடன் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கையெழுத்திட்டு, கீழே தேதி போட்டு, முத்திரையை வைத்துத் தாளை நீட்டினேன்.

பிளெஸி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சார், சீல் மங்கலா விழுந்திருக்கு. இன்னொரு தடவ நல்லா குத்திக் குடுங்க. இல்லைன்னா ஆபீசுல திருப்பி அனுப்பிருவாக."

தாளை வாங்கினேன். முத்திரையை மையில் நன்றாக அழுத்தி எடுத்து, பழைய முத்திரைக்குப் பக்கத்தில் மறுபடி வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. "இது போதும் சார்" என்றாள்.